அமெரிக்க உள்நாட்டுப் போர்: மாநில உரிமைக்காகவா, அடிமை முறைக்காகவா?

மீனா_ஹூஸ்டன் எழுதியது:

வணக்கம். வரலாறு நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

என் மகன் இங்கே எட்டாம் வகுப்பு படிக்கிறான். இந்த வருஷம் அவர்களுக்கு அமெரிக்க வரலாறுதான் பாடம். உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்று கட்டுரை எழுதித் தர வேண்டும். அடிமை முறைதான் காரணம் என்று எழுதி, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டியிருக்கிறான். ரொம்ப நல்ல மனிதர். எங்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருபவர். அவர் படித்துவிட்டு, "தம்பி, அடிமை முறை எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு தென் மாநிலங்களை நசுக்கியது. மாநில உரிமைக்காகத்தான் தெற்கு பிரிந்து போனது. லிங்கனே, அடிமைகளை விடுவிக்காமல் மாநிலங்களின் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று எழுதியிருக்கிறார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மகன் வந்து என்னிடம் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் அப்பா கட்சிக்காரர். மாநில சுயாட்சி என்ற பேச்சு காலையும் மாலையும் ஒலித்த வீட்டில் வளர்ந்தவள் நான். மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் சண்டை என்றாலே என் மனசு மாநிலத்தின் பக்கம் போய் நின்றுகொள்கிறது. அதனால் அந்தப் பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்குமோ என்றும் தோன்றுகிறது.

அவர் சொல்வது சரிதானா? அப்புறம், எழுபது வருஷத்துக்கு மேலாகப் பேசிப் பேசிச் சமாளித்து வந்தவர்கள், 1861-ல் ஏன் பேசித் தீர்க்க முடியாமல் போனார்கள்?

கொங்கு_செல்வன்:

பெரியவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது அக்கா. வடக்கு தொழிற்சாலை நாடு, தெற்கு விவசாய நாடு. உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்ற வடக்கு இறக்குமதி வரியை ஏற்றச் சொன்னது. பருத்தியை இங்கிலாந்துக்கு விற்று, அங்கிருந்து சாமான் வாங்கும் தெற்குக்கு அந்த வரி பெரிய சுமை. 1828-ல் போட்ட வரிச் சட்டத்தை 'அருவருப்பான வரி' என்றே அங்கே பேர் வைத்துத் திட்டினார்கள். 1832-ல் தெற்கு கரோலினா, "இந்தச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது" என்று அறிவித்தது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் படையை அனுப்புவேன் என்றார். கடைசியில் செனட்டர் ஹென்றி கிளே குறுக்கே வந்து வரியைக் குறைக்க வைத்து 1833-ல் சமாதானம் செய்தார். போருக்கு 28 வருஷம் முன்னாலேயே மாநிலம் எதிர் மத்திய அரசு என்று ஒரு முட்டல் நடந்திருக்கிறதே, அடிமை முறை மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

வைகை_வக்கீல்:

சகோதரி மீனா, உங்கள் மகன் முதலில் எழுதியதே சரி. அதை மாற்ற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் மதுரையில் வக்கீல் தொழில் செய்கிறவன். ஒருவர் "என் கொள்கை இது" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் கையில் அதிகாரம் இருந்தபோது என்ன சட்டம் போட்டார் என்று பார்ப்பேன். மாநில உரிமை என்று பேசிய தெற்கு அரசியல்வாதிகள் 1850-ல் கேட்டு வாங்கிய சட்டம் ஒன்று உண்டு. தப்பியோடிய அடிமைகள் சட்டம். இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

அந்தச் சட்டம் சொல்வது இதுதான். தெற்கிலிருந்து தப்பி வந்த ஒருவர் வடக்கில் எங்கே பிடிபட்டாலும் மத்திய அரசு நியமித்த கமிஷனர் முன்னால் நிறுத்தலாம். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் வாய் திறந்து சாட்சி சொல்ல முடியாது, சட்டமே அதைத் தடுத்தது. உரிமையாளர் தன் ஊர்க் கோர்ட்டில் வாங்கி வந்த ஒரு சான்று இருந்தால் போதும். கமிஷனருக்குச் சம்பளம் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு: பிடிபட்டவரை விடுதலை செய்தால் 5 டாலர், அடிமை என்று எழுதி அனுப்பினால் 10 டாலர். அனுப்புகிற வழக்கில் எழுத்து வேலை அதிகம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து நீதிபதிக்குக் கூலி மாறும் என்று நாடாளுமன்றமே எழுதி வைத்த சட்டம் அது.

இன்னும் இருக்கிறது. தப்பி வந்தவருக்கு இடம் கொடுத்தாலோ, பிடிப்பதைத் தடுத்தாலோ 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மார்ஷல் என்ற மத்திய அரசு அதிகாரி கூப்பிட்டால் தெருவில் போகிற எந்தக் குடிமகனும் பிடித்துக் கொடுக்க உதவ வேண்டும். அடிமை முறையே வேண்டாம் என்று எப்போதோ ஒழித்துவிட்ட மாநிலங்களின் தெருக்களில், அந்த மாநிலங்களின் சட்டத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, மத்திய அரசின் கையை நீட்டச் செய்தது தெற்கு. இதில் மாநில உரிமை எங்கே இருக்கிறது?

இது ஏட்டில் மட்டும் இருந்த சட்டம் அல்ல. அந்தோணி பேர்ன்ஸ் என்ற இளைஞரின் கதையை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். வர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவர். 1854-ல் ரிச்மண்டிலிருந்து கப்பலில் ஒளிந்து பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. ஊரில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதினார், அது எசமானர் சார்ல்ஸ் சட்டில் கையில் சிக்கியது. மே 24-ம் தேதி மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், நகைக்கடையில் திருடினாய் என்று பொய்க் குற்றம் சொல்லிப் பிடித்தார்கள். கோர்ட் கட்டடத்துக்குள் போனதும் எதிரே நின்றது சட்டில்.

இரண்டு நாள் கழித்து இரவில் ஒரு கூட்டம் கோர்ட் கதவை உடைத்து அவரை மீட்கப் பார்த்தது. காவலர் ஒருவர் அதில் உயிரிழந்தார். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் பியர்ஸ், செலவைப் பார்க்க வேண்டாம், சட்டத்தை நிறைவேற்று என்று படைக்கு உத்தரவு கொடுத்தார். பேர்ன்ஸுக்காக ரிச்சர்ட் ஹென்றி டானா என்ற வக்கீல் காசு வாங்காமல் வாதாடினார். கமிஷனர் எட்வர்ட் லோரிங், சட்டம் இப்படி இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்ப எழுதிவிட்டார். ஜூன் 2-ம் தேதி, ஒரு ஆளைக் கப்பலேற்ற, படைவீரர்களும் பீரங்கியும் இருபுறமும் போக பாஸ்டன் நடுத்தெருவில் நடத்திக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் 50,000 பேர் இருக்கும் என்று சொல்வார்கள். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. தெருவுக்கு மேலே 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் எமோஸ் லாரன்ஸ் என்று பருத்தி ஆலைகளில் பணம் போட்ட பெரிய வியாபாரி. ஒன்றியம் உடையக் கூடாது, தெற்கைச் சீண்டக் கூடாது என்று இருந்தவர். முதல் நாள் இரவு பழைய மிதவாதிகளாகப் படுத்தோம், காலையில் அடிமை ஒழிப்பு வெறியர்களாக எழுந்தோம் என்று அவர் எழுதினார். அதுவரை தூரத்தில் எங்கோ நடப்பதாக வடக்கு நினைத்துக்கொண்டிருந்த விஷயம், அன்று அவர்கள் வீட்டு வாசல் வழியாக நடந்து போனது. அடுத்த வருஷமே, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் மாநில அதிகாரிகள் இந்த வேலைக்கு உதவக் கூடாது என்று சட்டம் போட்டது. அதற்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து ஒருவரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை.

விஸ்கான்சின் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜோஷுவா குளோவர் என்ற தப்பி வந்தவரை 1854 மார்ச்சில் மில்வாக்கி சிறையிலிருந்து மக்கள் மீட்டு அனுப்பினார்கள். அதற்காகக் கைதான ஷெர்மன் பூத் என்ற பத்திரிகையாளரை மாநில உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவில் விடுவித்தது, மத்திய அரசின் அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. அசல் மாநில உரிமை வாதம் என்றால் இதுதான். 1859-ல் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கி எறிந்தது. அப்போது தெற்கு யார் பக்கம் நின்றது? மத்திய அரசின் பக்கம்.

சகோதரி, நம்மூர் மாநில சுயாட்சி மனசோடு இதைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மத்திய அரசு தெற்கை நசுக்கவில்லை. மத்திய அரசே ரொம்ப காலம் தெற்கின் கையில்தான் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றதிலிருந்து லிங்கன் வரும் வரை 72 வருஷத்தில் ஏறக்குறைய 50 வருஷம், அடிமைகளை வைத்திருந்தவர்கள்தான் ஜனாதிபதி. ஓட்டுரிமையே இல்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிச் சேர்த்து, அந்தக் கணக்கில் தெற்குக்குக் கூடுதல் நாடாளுமன்ற இடங்களைக் கொடுத்தது 1787 அரசியலமைப்பு. 1857-ல், விடுதலை கேட்டு டிரெட் ஸ்காட் என்ற அடிமை போட்ட வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது, இன்னும் மாநிலம் ஆகாத பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அடிமை மாநிலத்துக்காரர்கள். தலைமை நீதிபதி டேனி மேரிலாந்துக்காரர். அந்தத் தீர்ப்பைத் தெற்கு கொண்டாடியது.

இரண்டாவது கேள்விக்கு மாலையில் எழுதுகிறேன். கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

கொங்கு_செல்வன்:

வக்கீல் சார், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வரிக்கும் பதில் இல்லை, லிங்கன் கடிதத்துக்கும் பதில் இல்லை. அப்புறம் வடக்கை ரொம்ப நல்லவர்களாகக் காட்டிவிட்டீர்கள். லிங்கனுடைய சொந்த மாநிலம் இல்லினாய் 1853-ல் கறுப்பினத்தவர் குடியேறவே கூடாது என்று சட்டம் போட்டது. நியூயார்க் வங்கிகளும் வடக்கத்திய துணி ஆலைகளும் அடிமைகள் பறித்த பருத்தியில்தான் கொழித்தன.

வைகை_வக்கீல்:

தம்பி செல்வன், வடக்கைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. லோரிங் பாஸ்டன்காரர்தான், அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஃபில்மோர் நியூயார்க்காரர்தான். வடக்கு தர்மத்துக்காகப் புறப்பட்டது என்று நான் சொல்லவில்லை. தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பதுதான் கேள்வி.

வரிக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன 1832 முட்டல் நடந்தது நிஜம். ஆனால் அது 1833-ல் தீர்ந்துவிட்டது. 1857-ல் வரியை இன்னும் குறைத்தார்கள், தெற்கு உறுப்பினர்கள் அதை ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். வரியை ஏற்றிய மாரில் சட்டம் நிறைவேறியது 1861 மார்ச்சில், ஏழு மாநிலங்கள் பிரிந்து போன பிறகு. அவர்கள் இருந்து ஓட்டுப் போட்டிருந்தால் அது செனட்டில் நிறைவேறியிருப்பதே கஷ்டம். தெற்கு கரோலினா 1860 டிசம்பர் 20-ல் 169-க்குப் பூஜ்யம் என்று ஏகமனதாகப் பிரிவினைத் தீர்மானம் போட்டுவிட்டு, நான்கு நாள் கழித்துக் காரணங்களை ஒரு அறிக்கையாக வெளியிட்டது. அதில் வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. வட மாநிலங்களை வரிசையாகப் பேர் சொல்லி, இவர்கள் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரவில்லை, அடிமை ஒழிப்புச் சங்கங்களை நடத்த விடுகிறார்கள், அடிமை முறை பாவம் என்று பேசுகிறார்கள் என்று குற்றப்பத்திரிகை படிக்கிறது. அதாவது, மாசசூசெட்ஸும் விஸ்கான்சினும் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான் தெற்கு கரோலினாவின் புகார்.

லிங்கன் கடிதம். 1862 ஆகஸ்ட் 22-ல் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதியது. பெரியவர் சொன்ன வரி அதில் உண்டு. ஆனால் அதே கடிதத்தில், எல்லா அடிமைகளையும் விடுவித்துத்தான் ஒன்றியத்தைக் காக்க முடியும் என்றால் அதையும் செய்வேன் என்கிறார். கடைசியில், எங்கும் எல்லா மனிதரும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற என் சொந்த விருப்பம் மாறவில்லை என்றும் எழுதுகிறார். அதை எழுதும்போது விடுதலைப் பிரகடனத்தின் வரைவு மேஜைக்குள் தயாராக இருந்தது. ஒரு மாதம் முன்பே, ஜூலை 22-ல், அமைச்சர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டார். போரில் ஒரு வெற்றி கிடைத்த பிறகு வெளியிடலாம் என்று வெளியுறவு அமைச்சர் ஸீவர்ட் சொன்னதால் காத்திருந்தார்.

இன்னொன்று. அந்தக் கடிதம் லிங்கன் ஏன் போரிட்டார் என்பதற்குத்தான் சான்று. தெற்கு ஏன் பிரிந்தது என்பதற்கு அது சான்றே ஆகாது. வடக்கு ஒன்றியத்துக்காகப் போருக்குப் போனது, தெற்கு அடிமை முறைக்காகப் பிரிந்து போனது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

மீனா சகோதரியின் இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஏன் பேசித் தீர்க்க முடியவில்லை?

அவர்கள் பேசாமல் இல்லை. 1820-ல் மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம் (அதாவது அடிமை முறை இல்லாதது), 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே இருக்கும் பிரதேசத்தில் அடிமை முறை கூடாது என்று ஒரு கோடு போட்டார்கள். வயதான ஜெஃபர்சன் அதைக் கேட்டு, நடு ராத்திரியில் தீ மணி அடித்தது போல் பயந்தேன் என்று எழுதினார். 1836-லிருந்து 1844 வரை, அடிமை முறையைப் பற்றி மக்கள் அனுப்பும் மனுக்களைப் பிரதிநிதிகள் சபையில் எடுக்கவே கூடாது என்று வாய்ப்பூட்டு விதி வைத்திருந்தார்கள். முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ், வயதான காலத்தில் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்துகொண்டு, அந்த விதியை உடைக்க வருஷக்கணக்கில் போராடினார். மெக்சிகோவிடமிருந்து பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்ததும் அதில் அடிமைகள் போகலாமா கூடாதா என்று மறுபடி சண்டை. 1850-ல் இன்னொரு சமரசம்.

அந்த 1850 விவாதம் செனட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். சாகக் கிடந்த தெற்கு கரோலினா செனட்டர் கால்ஹூன் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் பேச்சை வேறொருவர் வாசித்தார். அடிமை முறையை எதிர்த்துக் கிளர்ச்சி செய்பவர்களை வடக்கு அடக்க வேண்டும், அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் பிரிவுதான் என்பது அதன் சாரம். அந்த மார்ச் மாதக் கடைசியில் அவர் இறந்துவிட்டார். மார்ச் 7-ல் டேனியல் வெப்ஸ்டர் எழுந்து, மாசசூசெட்ஸ்காரனாகவோ வடக்கத்தியனாகவோ பேசவில்லை, அமெரிக்கனாகப் பேசுகிறேன் என்று தொடங்கினார். தேச ஒற்றுமைக்காக அவ்வளவு உருக்கமான பேச்சு. அந்த ஒற்றுமைக்கு அவர் கொடுக்கச் சம்மதித்த விலை எது? காலையில் சொன்னேனே, 10 டாலர், 5 டாலர் சட்டம். அதுதான்.

இதைத்தான் உங்கள் மகன் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒற்றுமையைக் காப்பாற்றினோம் என்று கை குலுக்கிக்கொண்டவர்கள் வேறு, அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். தெற்கு கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள் தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தச் சமரசப் பேச்சில் இடம் இல்லை. பாதிக்கப்பட்டவரைக் கட்சிக்காரராகவே சேர்க்காமல் போட்ட ராஜிப் பத்திரம் எத்தனை நாள் நிற்கும்?

நிற்கவும் இல்லை. இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்து 1854 மே 30-ல் நடைமுறைக்கு வந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820-ல் போட்ட கோட்டை அழித்தது. பேர்ன்ஸ் பாஸ்டன் கோர்ட்டில் அடைபட்டிருந்த அதே வாரம். அந்த இரண்டு பிரதேசங்களிலும் குடியேறுபவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்றார் டக்ளஸ். ஓட்டுப் போட மிசௌரியிலிருந்து துப்பாக்கியோடு ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். 1856 மே 21-ல் கான்சஸில் லாரன்ஸ் என்ற ஊர் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், கான்சஸ் அநியாயத்தைப் பற்றிப் பேசிய மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னரை செனட் மண்டபத்திலேயே பிரஸ்டன் புரூக்ஸ் என்ற தெற்கு கரோலினா பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கைத்தடியால் அடித்து ரத்தத்தில் சாய்த்தார். புரூக்ஸுக்கு 300 டாலர் அபராதம். ராஜினாமா செய்துவிட்டு மறுபடி நின்றார், தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது. தெற்கிலிருந்து அவருக்குப் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். பேசுகிறவனை அடித்தவருக்குப் பரிசு அனுப்புகிற நிலைக்கு வந்த பிறகு பேச்சுவார்த்தைக்கு எங்கே இடம்?

1860-ல் ஜனநாயகக் கட்சி மாநாடு சார்ல்ஸ்டனில் உடைந்ததும் இதனால்தான். எல்லாப் பிரதேசங்களிலும் அடிமைச் சொத்தை மத்திய அரசே பாதுகாக்க வேண்டும் என்று தெற்கு கேட்டது. டக்ளஸ் ஆட்கள் முடியாது என்றார்கள். வெளிநடப்பு. கட்சி இரண்டானது, நாலு முனைப் போட்டியில் லிங்கன் சுமார் 40 சதவீத ஓட்டில் ஜெயித்தார். இருக்கும் இடத்தில் அடிமை முறையைத் தொட மாட்டேன், புது இடத்துக்குப் பரவ விட மாட்டேன் என்பதுதான் அவர் சொன்னது. அதுவே போதுமானதாக இருந்தது. அப்போதே 18 மாநிலங்கள் சுதந்திர மாநிலங்கள், 15 மட்டுமே அடிமை மாநிலங்கள். இனி வரும் மாநிலங்களும் அந்தப் பக்கம் போனால் செனட் நிரந்தரமாகக் கைவிட்டுப் போகும் என்று தெற்குக்குத் தெரிந்துவிட்டது.

கரிசல்மண்:

இழையை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊர்ப் பக்கம் பருத்தி என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்திதான். 1793-ல் எலி விட்னி கொட்டை பிரிக்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு பருத்தி விளைச்சல் மளமளவென்று ஏறியது, அதோடு அடிமைகளின் எண்ணிக்கையும் ஏறியது. 1858-ல் தெற்கு கரோலினா செனட்டர் ஹாமண்ட், பருத்திதான் ராஜா, எவனும் எங்கள் மேல் போர் தொடுக்கத் துணிய மாட்டான் என்று செனட்டிலேயே முழங்கினார்.

இங்கிலாந்து ஆலைகள் இந்த ஒரே இடத்தை நம்பியிருப்பது ஆபத்து என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முன்பே பயம் இருந்தது. அதனால்தான் 1840-களில் அமெரிக்கத் தோட்டக்காரர்களை வரவழைத்துக் கோயம்புத்தூர்ப் பக்கம் அமெரிக்கப் பருத்தியைப் போட்டுப் பார்த்தார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் அந்தச் சோதனைப் பண்ணைகளைப் பார்த்துக்கொண்டார். போர் வந்து தெற்குத் துறைமுகங்கள் அடைபட்டதும் பம்பாயிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பருத்தி விலை எங்கேயோ போனது. 1865-ல் போர் முடிந்ததும் தலைகுப்புற விழுந்தது, கடன் வாங்கி விதைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மீனா_ஹூஸ்டன்:

எல்லோருக்கும் நன்றி. மகனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். பேர்ன்ஸ் பிறகு என்ன ஆனார் என்று கேட்கிறான். அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். தெற்கில் பெரும்பாலான வெள்ளையர்கள் ஏழை விவசாயிகள், அவர்களிடம் அடிமைகளே கிடையாது என்கிறார் பெரியவர். அப்படியென்றால் அவர்கள் ஏன் இதற்காகச் சாகப் போனார்கள்?

தேன்மொழி_திருச்சி:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா. தெற்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெள்ளைக் குடும்பங்களிடம் அடிமை இல்லை என்பது உண்மை. ஆனால் 1860 டிசம்பரில் ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன் எழுதிய பகிரங்கக் கடிதத்தைப் பாருங்கள். அடிமை முறை ஒழிந்தால் பணக்காரன் தப்பித்துக்கொள்வான், ஏழை வெள்ளையனே நீதான் கறுப்பினத்தவனோடு கூலிக்குப் போட்டி போட வேண்டியிருக்கும், இன்று நீ யாருக்கும் கீழே இல்லை, நாளைக்கு அவனுக்குச் சமமாகிவிடுவாய் என்று ஏழைகளைக் குறிவைத்தே பேசுகிறார். வயிற்றுக்குச் சோறு இல்லாவிட்டாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம் எத்தனை பேரைக் கட்டிப்போடும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா ஏழைகளும் அதற்கு மயங்கவும் இல்லை. மலைப்பகுதிகளில் அடிமைகள் குறைவு. கிழக்கு டென்னசி பிரிவினையை எதிர்த்து ஓட்டுப் போட்டது. வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதி வர்ஜீனியாவிலிருந்தே பிரிந்து 1863-ல் தனி மாநிலம் ஆனது.

வைகை_வக்கீல்:

தேன்மொழி சொன்னதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை.

பேர்ன்ஸ்: திருப்பி அனுப்பிய பிறகு ரிச்மண்டில் மாதக்கணக்கில் சிறைக் கொட்டடியில் விலங்கிட்டு வைத்திருந்தார்கள். பிறகு விற்றுவிட்டார்கள். பாஸ்டன் கறுப்பினத் திருச்சபையார் பணம் திரட்டி 1855-ல் 1,300 டாலர் கொடுத்து மீட்டார்கள். ஓபர்லின் கல்லூரியில் படித்தார். கனடாவில் செயின்ட் கேதரின்ஸ் என்ற ஊரில் போதகராக இருந்து 1862-ல் இறந்தார். விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. அதைப் பார்க்க அவர் இல்லை.

சகோதரி, கட்டுரைக்கு ஒரு யோசனை. நான் எழுதியதையோ பெரியவர் சொன்னதையோ மகன் நம்ப வேண்டாம். பிரிந்து போன மாநிலங்களில் தெற்கு கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் நான்கும் ஏன் பிரிகிறோம் என்று தனித்தனியாக அறிக்கை எழுதி வைத்திருக்கின்றன. எல்லாம் இணையத்தில் கிடைக்கும், ஒவ்வொன்றும் சில பக்கம்தான். மிசிசிப்பி அறிக்கை ஆரம்பத்திலேயே, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது, அதுதான் உலகத்தின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது. அவர்கள் உண்டாக்கிய கூட்டமைப்பின் அரசியலமைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிமைச் சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டமும் மத்திய நாடாளுமன்றம் போடக் கூடாது, எந்த மாநிலத்துக்குள்ளும் ஒருவர் தன் அடிமைகளோடு போய்த் தங்கலாம் என்று எழுதியிருக்கிறது. மாநிலமே விரும்பினாலும் அதைத் தடுக்க வழியில்லை.

உங்கள் டெக்சாஸ் மாநில அறிக்கையின் தேதி 1861 பிப்ரவரி 2. அதில் மத்திய அரசின் மேல் டெக்சாஸ் வைத்த புகார்களில் ஒன்று, எல்லையில் பூர்வகுடிகளிடமிருந்து எங்களைப் போதுமான அளவு காப்பாற்றவில்லை என்பது. மத்திய அரசு அதிகம் தலையிட்டது என்று அல்ல, போதுமான அளவு தலையிடவில்லை என்று.

பெரியவரிடம் பேசும்போது சாம் ஹூஸ்டனையும் கேளுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரின் பேரே அவருடையதுதான். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர், டெக்சாஸ் விடுதலைக்குப் போரிட்டவர். 1854-ல் செனட்டில் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட மிகச் சில தெற்கத்தியர்களில் ஒருவர். 1861-ல் அவர்தான் ஆளுநர். பிரிவினை அழிவில் முடியும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். மார்ச்சில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

மீனா_ஹூஸ்டன்:

நான்கு அறிக்கைகளையும் அச்செடுத்துவிட்டேன் சார். டெக்சாஸ் அறிக்கையை மகன் படித்து, அடிமை முறை வரும் வரிகளுக்கெல்லாம் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெரியவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். அவரையும் உட்கார வைத்து வாசிக்கலாம் என்று இருக்கிறான். அவர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.

கொங்கு_செல்வன்:

கட்டாயம் எழுதுங்கள் அக்கா. வக்கீல் சார், தெற்கு கரோலினா அறிக்கையை நானும் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி வரி எங்கேயும் இல்லை. 1832 விஷயத்தைத் தனி இழையாகப் போடுகிறேன். ஜாக்சன் அப்போதே, வரி வெறும் சாக்கு, அடுத்த சாக்கு அடிமைப் பிரச்சினையாக இருக்கும் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதை அங்கே பேசுவோம்.